புளிச் சட்டிக்கு வைத்த இரும்புப் பம்பு

வாக்குவம் பம்பு விற்கவும் பழுது பார்க்கவும் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பையில் வைத்திருக்கும் கேட்லாக்கைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். அதில் போட்டிருப்பது எல்லாம் சரிதான். எவ்வளவு காற்றை இழுக்கும், எவ்வளவு கரண்ட் தின்னும், எவ்வளவு சூடாகும், எல்லாம் அச்சடித்தபடியே நடக்கும். அதில் இல்லாதது ஒன்றே ஒன்று. வாங்குகிறவரின் வீடு. எங்கள் தருமபுரிப் பக்கம் வூடு என்போம். அந்த வூட்டில் யார் சொன்னால் யார் கேட்பார்கள், யார் வாயைத் திறந்தால் யாருக்குப் பிடிக்காது என்பதை எந்தக் கம்பெனியும் அச்சடித்துத் தருவதில்லை. பம்பு போய் ஓடப்போவதோ அங்கேதான்.

நான் பத்தாவதோடு நின்றவன். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் உட்கார்ந்து, கை கருத்து, பிறகு ஒரு பம்புக் கம்பெனியில் சர்வீஸ் ஆளாகச் சேர்ந்து, அப்படியே தலை நரைத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது நல்லம்பள்ளியில் இருக்கிறேன். புத்தகத்தில் படித்ததைவிட, மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன பேச்சில்தான் நான் கற்றது அதிகம். ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் ஒரு அம்மா, எண்ணெய் என்ன எண்ணெய் என்று நச்சரித்த ஒருவரிடம், "எண்ணெயை அப்பறம் கேளு சாமி, மொதல்ல உள்ள கெடக்கறது என்னா மீனுன்னு கேளு" என்றார். எங்கள் தொழிலையே ஒரு கரண்டியில் அள்ளிக் கொடுத்துவிட்டார் அந்த அம்மா. எந்தப் பம்பு என்பது பிறகு. அதற்குள் வந்து விழப்போவது என்ன என்பதுதான் முதல் கேள்வி.

விழுவது வெறும் காற்று என்றால் ஆயில் பம்பு போதும். ஏ.சி. மெக்கானிக் வண்டியில் வைத்துக்கொண்டு போகிறாரே, அது. ஆழமாக இழுக்கும், ஆனால் ஈரம் பட்டால் எண்ணெய் மோராகிவிடும். ஆவியும் ஈரமும் வரும் என்றால் தண்ணீர் பம்பு. தன் வயிற்றுக்குள் தண்ணீரைச் சுழற்றி அதை வைத்தே காற்றை உறிஞ்சும் சாது. எண்ணெயும் கூடாது தண்ணீரும் கூடாது என்கிற மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு வேறொன்று இருக்கிறது. அவர்கள் உங்களைவிட விவரமாகப் பேசுவார்கள், கவலைப்படாதீர்கள். இதற்கு மேல் டெக்னிக்கல் வேண்டாம். கேட்லாக்கில் இருக்கிறது.

ஆசையும் ஒரு தொல்லை. பாலக்கோட்டுப் பக்கம் ஒருவர் பால் கறக்கும் மிஷினுக்குப் பம்பு கேட்டார். "இருக்கறதுலயே பெருசாக் குடுங்க. சர்ருனு இழுக்கணும்" என்றார். "ஏங்க, பாலு வேணுமா, மாடே வேணுமா பாட்டில்ல?" என்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்த சிரிப்பில் அவர் சின்னப் பம்பையே எடுத்துக்கொண்டார். எல்லா இடத்திலும் இப்படிச் சிரிப்பில் முடிவதில்லை. சிரிப்பில் முடியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே அண்ணன் தம்பி இரண்டு பேர், மாதையன், முனியப்பன். புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, புளியைத் தட்டி, கொட்டை எடுத்து விற்கிற குடும்பம். தம்பி முனியப்பனின் மனைவி கோவிந்தம்மா. புளியாகவே விற்றுக்கொண்டிருப்பதற்குப் பதில் கரைத்துக் காய்ச்சி விழுதாக்கி விற்கலாம் என்று அந்த வீட்டில் முதலில் வாய் திறந்தவர் அவர்தான். எங்கேயோ பயிற்சிக்கும் போய்வந்தார். புளியைத் திறந்த சட்டியில் காய்ச்சினால் கருத்துப்போகும். மூடிய சட்டியில் காற்றை உறிஞ்சிவிட்டால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், சிவப்பு அப்படியே நிற்கும். அதற்குத்தான் வாக்குவம் பம்பு. ஷெட் போட்டார்கள், சட்டி வந்தது, பம்பு வந்தது. சட்டியை ஓட்டியவர் கோவிந்தம்மா. கண்ணாடித் துளை வழியாக உள்ளே பார்த்து, ஸ்டீம் வால்வைக் கூட்டுவதும் குறைப்பதுமாக நிற்பார். நானே பார்த்திருக்கிறேன், சாமி கும்பிடுகிற மாதிரி நிற்பார். ஊரில் அவரை முனியப்பன் பெண்டாட்டி என்று சொன்னதெல்லாம் போய், விழுதுக்காரம்மா என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

அது எல்லாருக்கும் பிடிக்கவில்லை. மாதையனின் மச்சான், அவர் மனைவியின் தம்பி சேகர், பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து அந்த வீட்டிலேயே தங்கியிருந்தான். மிஷின் வேலை ஆம்பிளைக்குத்தான் என்று மாதையன் வீட்டம்மா அடிக்கடி சொல்வதாகக் கேள்வி. சட்டி நன்றாக ஓடிய வரைக்கும் அந்தப் பேச்சுக்குக் கால் இல்லை.

சீசன் நடுவில் பம்பு நின்றது. கம்பெனி என்னை அனுப்பியது. காலை பஸ்ஸில் போய் இறங்கி, ஷெட்டுக்குள் நுழைவதற்குள் மாதையன் எதிரே வந்துவிட்டார்.

"வாங்க சார். பம்பைப் பாக்கறதுக்கு முந்தி அந்தம்மாவைப் பாருங்க. பொங்க வுட்டுப் பொங்க வுட்டு பம்பையே தின்னுப்புட்டாங்க."

சட்டி பக்கத்தில் நின்ற கோவிந்தம்மா திரும்பாமலே சொன்னார்: "பொங்காத புளி எந்த ஊர்ல இருக்குதுன்னு சொல்லுங்க மாமா. போயிக் கத்துக்கிட்டு வரேன்."

"கேட்டீங்களா பேச்சை?"

"பேசலன்னாலும் பொங்கும் மாமா அது."

சேகர் கதவு ஓரமாக நின்று செல்போனைப் பார்த்தபடி சிரித்தான். முனியப்பன் ஒரு டிரம்மை ரொம்ப அக்கறையாகக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய டிரம்மைத்தான்.

பம்பைத் திறந்தேன். உள்ளே சுழலும் இரும்புச் சக்கரம் கரையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. விரலை வைத்தால் பொடியாக உதிர்ந்தது. பொங்கி வந்த நுரை பம்புக்குள் போயிருக்கிறது என்பது உண்மை. ஆனால் புளித் தண்ணீர் மட்டும் ஒரு சீசனுக்குள் இரும்பை இப்படித் தின்னாது. வேறு ஏதோ கூட இருக்க வேண்டும். அந்த ஊரில் தண்ணீர் பஞ்சம் என்பதால், பம்புக்குள் சுழலும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அதையே திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

"ரசம் நல்லா வந்திருக்குதும்மா. பெருங்காயம்தான் பத்தல" என்றேன்.

கோவிந்தம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "உப்பு கரிக்குதாண்ணா?"

"கரிக்குது. உப்பு எங்கிருந்து வந்துச்சு?"

மாதையனுக்கு முகம் சிவந்தது. "உப்பா? நாங்க ஒண்ணும் கலக்கறவங்க இல்லீங்க. சுத்தப் புளி. பம்பு வாங்கறப்பவே உங்க கம்பெனித் தம்பி, புளியில வேற என்னா கலந்திருக்கும்னு கேட்டாரு. ஒண்ணும் கலக்கறதில்லன்னு சூடத்தை அணைக்காத குறையாச் சொன்னேன்."

பின்னால் இருந்த அறைக்குப் போனேன். சுவரோரம் புளி அடைத்த மூட்டைகள். ஒன்றைப் பிரித்துப் பிட்டேன். அடுக்குக்கு அடுக்கு கல்லுப்பு மின்னியது.

"இது என்னாங்க?"

"இது புளி அடைக்கறப்ப போடறதுங்க. இதைப் போயி கலப்படம்பீங்களா? எல்லா வூட்லயும் போடறதுதான். போடலன்னா புழு வெச்சுடும்."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், தம்பிகளே. மாதையன் பொய் சொல்லவில்லை. கம்பெனி ஆளும் கேள்வி கேட்காமல் விடவில்லை. அவன் கேட்டான், இவர் பதில் சொன்னார். ஆனால் கேள்வி போய் விழுந்த இடம் வேறு. எங்கள் பக்கத்துப் புளி வியாபாரியிடம் போய் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்பது, நீ மோசக்காரனா என்று கேட்பது போல. மனிதன் ரோஷமாக இல்லை என்றுதான் சொல்வான். உப்பு அவர்களுக்குப் புளியில் கலந்த பொருளே இல்லை. உப்பில்லாத பழம்புளியை அவர்கள் கண்ணாலும் பார்த்ததில்லை. ஆகவே புளிப்பும் உப்பும் சேர்ந்து வரப்போகிற இடத்துக்குச் சாதா இரும்புப் பம்பு போய்ச் சேர்ந்தது. கேட்டிருக்க வேண்டியது, "மரத்துல இருந்து உலுக்கறதுல ஆரம்பிச்சு சட்டியில கொட்டற வரைக்கும் என்னென்ன பண்ணுவீங்க, சொல்லுங்க" என்று. அப்படிக் கேட்டிருந்தால் மாதையனே சந்தோஷமாக உப்பு வரைக்கும் சொல்லியிருப்பார், அடைக்கிற பக்குவத்தையும் சேர்த்து. உள்ளே துருப்பிடிக்காத எஃகு வைத்த பம்பு, நுரை வந்தால் பிடித்து வைக்க வழியில் ஒரு சின்ன டிரம். இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

என் போன் அடித்தது. கம்பெனி மேனேஜர். விஷயத்தைச் சொன்னேன்.

"அதெல்லாம் வேணாம் சார். ஆபரேட்டர் தப்புன்னு சொல்லிட்டு வந்துருங்க. பொங்க விட்டிருக்காங்க இல்ல? அது உண்மைதானே? செலக்‌ஷன் தப்புன்னு நம்ம வாயால வந்தா பம்பை நாமதான் மாத்திக் குடுக்கணும்."

போனை வைத்ததும் மாதையன் என் தோளைத் தொட்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

"சார், ஒரு உதவி. பொம்பள கைக்கு இந்த மிஷின் ஒத்து வராதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. கம்பெனிகிட்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பம்பு போனாப் போவுது."

பம்பு போனால் போகட்டும் என்கிறாரே, இவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. கதவு ஓரத்தில் செல்போனோடு நிற்கிறதே, அதைச் சட்டிப் பக்கத்தில் நிறுத்தத்தான். என் வேலைக் காலத்தில் கம்பெனியும் வாடிக்கையாளரும் சண்டை போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பழி சொல்ல ஒரே ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் அங்கே சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் சட்டியைக் கழுவி முடிக்கும் முன் நான் முடிவு செய்தாக வேண்டும். கம்பெனி சொன்னபடி சொன்னால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை, மதியச் சாப்பாட்டுக்கே வீடு வந்திருக்கலாம். நான் எல்லாரையும் ஷெட்டுக்குள் வரச் சொன்னேன். முனியப்பனும் டிரம்மை வைத்துவிட்டு வந்தார். மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மறைவாகப் பேசினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை போய்ச் சேரும் என்று நினைத்தேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. புளின்னா பொங்கும். எந்தக் கை பட்டாலும் பொங்கும். பொங்கறதைத் தாங்கற பம்பு இங்க வைக்கல. அடைச்ச புளியில உப்பு இருக்கும்னு பம்பைத் தேர்ந்தெடுத்தவங்க கேட்டுத் தெரிஞ்சுக்கல. தப்பு பம்பைத் தேர்ந்தெடுத்ததுல. சட்டிகிட்ட நின்னவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

இதைவிடத் தெளிவாகத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த ஷெட்டில் இருந்தவர்கள் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது.

"உப்புன்னு கஸ்டமர் சொல்லவே இல்லையே சார்" என்றது போன்.

"நான் சொல்லலயா?" மாதையன் நிமிர்ந்தார். "எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? புளி அடைச்சது யாரு? உப்பை அள்ளிப் போட்டது யாரு?"

எல்லாத் தலையும் கோவிந்தம்மா பக்கம் திரும்பியது. அந்த வீட்டில் புளி அடைக்கிற வேலையை நின்று பார்த்தவரும் அவர்தான்.

"எல்லா வூட்லயும் போடறதுதான்னு இப்பத்தான நீங்களே சொன்னீங்க?" என்றேன்.

"வூட்டுப் புளிக்குப் போடறது வேற சார், கம்பெனிப் புளிக்குப் போடறது வேற. மிஷின் ஓட்டறவங்களுக்கு அந்த அறிவு வேணாமா?"

"அதேதான் சார் நானும் சொல்றேன்" என்றது போன். அந்தக் குரலில் அவ்வளவு நிம்மதி.

"மாமா, போன வருசம் உப்பு கம்மியாப் போட்டதுக்கு நீங்கதான என்னைத் திட்டினீங்க?" என்றார் கோவிந்தம்மா. சத்தமாகக்கூட இல்லை. "அக்காவும்தான பக்கத்துல ஒக்காந்து போட்டாங்க?"

"பாத்தீங்களா, இப்ப எங்க வூட்டுப் பொம்பளயையும் இழுக்கறாங்க."

நான் முனியப்பனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். இது என் பெண்டாட்டி ஆரம்பித்த வேலை, அவள்தான் ஓட்டுவாள் என்று ஒரு வார்த்தை. அவர் வாய் திறந்தார்.

"நீ வூட்டுக்குப் போ" என்றார் மனைவியிடம்.

கோவிந்தம்மா கையைக் கழுவினார். ஸ்டீம் வால்வு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை திருகிப் பார்த்தார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"நல்லாக் கண்டுபுடிச்சீங்கண்ணா" என்றார்.

கோபமா, நன்றியா, கேலியா என்று பிரித்துப் பார்க்க முடியாத குரல். எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ பேச்சு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றையெல்லாம் நாலு பேரிடம் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். இதை மட்டும் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

உண்மையைச் சொன்னால் நியாயம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர் சர்வீஸ் வேலை பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுதுக்குக் காரணம் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அந்தக் காரணத்தை யார் தலையில் கட்டுவது என்பதை அந்த வீடு நீங்கள் பஸ் ஏறும் முன்பே முடிவு செய்து வைத்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், பழுது வந்த பிறகு பேசும் பேச்சுக்கு மதிப்பு குறைவு. வாங்கும்போது கேட்கிற கேள்விக்குத்தான் மதிப்பு. தப்பான பம்பை ஓர் இடத்தில் வைத்துவிட்டு வந்தீர்களானால், என்றைக்கோ ஒருநாள் பழி ஏற்கப்போகிற ஒருவரையும் சேர்த்து அங்கே நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அவர் அந்த இடத்திலேயே குரல் தாழ்ந்தவராக இருப்பார்.

அடுத்த சீசனுக்கு மாதையன் வேறு பம்பு வாங்கினார். எங்கள் கம்பெனியிலேயேதான். இந்தத் தடவை நான் போய் உட்கார்ந்து மரத்திலிருந்து சட்டி வரைக்கும் கேட்டேன். அவரும் உப்பு முதல் எல்லாம் ஒப்பித்தார். உள்ளே எஃகு, வழியில் நுரை பிடிக்க டிரம், தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்ற ஏற்பாடு. மேனேஜர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

பம்பை ஓட்டிக் காட்டப் போயிருந்தேன். சட்டி பக்கத்தில் சேகர். ஸ்டீமைக் கண்டபடி திறந்தான். புளி பாலைப்போலப் பொங்கி மேலே ஏறியது. டிரம் பிடித்துக்கொண்டது, டிரம்மைத் தாண்டிப் போன கொஞ்சத்தையும் பம்பு சத்தமில்லாமல் விழுங்கியது.

"ஒண்ணும் ஆவாதுங்க சார். இது எஸ்.எஸ். பம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு" என்றான், எனக்கே.

மாதையன் பெருமையாகப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன் சார். மிஷினுக்கு ஆம்பள கை வேணும்."

கோவிந்தம்மா காலத்தில் புளி இவ்வளவு பொங்கியதில்லை. அதை மாதையனிடம் சொன்னேன். "அதுவும் சரிதாங்க" என்று சிரித்துக்கொண்டே எனக்கு டீ சொல்லிவிட்டார். முனியப்பன் சட்டிக்குப் புளி சுமந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

வெளியே வந்தேன். ஷெட்டுக்குப் பின்னால் மூன்று நான்கு பெண்களோடு கோவிந்தம்மா உட்கார்ந்து புளி அடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முறத்தில் கல்லுப்பு.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கறேங்கண்ணா."

"இன்னும் உப்புப் போடறீங்களா?"

"போடச் சொல்லிட்டாங்க. புதுப் பம்பு தாங்கிக்குமாமே."

அவர் ஷெட்டின் பக்கம் தலையைச் சாய்த்து, உள்ளே ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பொங்குதாண்ணா?"

"பொங்குதும்மா. நல்லாவே பொங்குது."

"யாரைக் குத்தம் சொல்றாங்க?"

"யாரையும் சொல்லலம்மா."

ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் புளி மேல் சீராகத் தூவினார். பிறகு உள்ளங்கையால் அழுத்திவிட்டார்.

"அப்ப நல்ல பம்புதாண்ணா" என்றார்.